டவர் காட்டுது, ஆனா போகுதில்ல: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் வைஃபை, டவர், வயர்லெஸ் பற்றியவை. பதில்களைப் படிக்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து கம்பனி வரை இன்னொரு துண்டு, அங்கிருந்து வெளிநாட்டுச் சேர்வர் வரை மூன்றாவது துண்டு. எந்தத் துண்டில் பிழை என்று தெரியாமல் காசைச் செலவழிக்க வேண்டாம்.

காத்தான்குடி: சேர், வைஃபை ஃபுல்லாக் காட்டுது. யூடியூப் மட்டும் சுத்திக்கொண்டே இரிக்கு. ரவுட்டரை மாத்தணுமா?

இப்போதைக்கு மாற்றாதீங்க. நீங்கள் பார்க்கும் அந்தக் கோடுகள் முதல் துண்டின் நிலையை மட்டும்தான் சொல்லும். உங்களுடையது சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் என்றால், அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, பிரவுசரில் திறந்து டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் 'ஆர்எஸ்ஆர்பி' (RSRP) என்ற எண்ணைத் தேடுங்கள். -80க்குக் கிட்ட இருந்தால் நல்ல சிக்னல். -110ஐ விடவும் கீழே, -115, -120 என்று போனால் டவருக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழிருந்து எடுத்து, மேல்மாடியில் டவர்ப் பக்க ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

எண் நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு இழுக்கிறது, விடியப்புறம் பறக்கிறது என்றால், அது டவரில் இருக்கும் நெரிசல். பெரிய பக்கேஜுக்கு மாறினாலும் அது தீராது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்.

செங்கலடி: 20 எம்பிபிஎஸ் எண்டு சொல்லித் தந்தாங்க. டவுன்லோட் 2.5தான் காட்டுது. ஏமாத்துறாங்களா அண்ணே?

இல்லை தம்பி. கம்பனி பிட்டில் சொல்கிறது, கணினி பைட்டில் காட்டுகிறது. எட்டுப் பிட் ஒரு பைட். 20ஐ எட்டால் பிரித்துப் பாருங்கள்.

கல்முனை: எங்கட ரவுட்டரில 2.4, 5 எண்டு ரெண்டு பேர் வருது. 5 எண்டது 5ஜி தானே?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 5ஜி டவரிலிருந்து வருவது. இது வீட்டுக்குள் ஓடும் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை. 2.4இன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர், 5இனுடையது 6. நீண்ட அலை சுவரை ஊடுருவிப் போகும். ஆனால் 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். வீட்டோடு வீடு ஒட்டிய உங்கள் பக்கத்தில் அந்த மூன்றுக்கும் அடிபிடி. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. ரவுட்டர் இருக்கும் அறையில் 5ஐப் பாவியுங்கள், குசினிக்கும் முற்றத்துக்கும் 2.4.

வவுணதீவு: அண்ணன், ஆத்துக்கு அங்கால மச்சான் வீட்டில ஃபைபர் இரிக்கு. நேரப் பார்த்தா ரெண்டு கிலோமீற்றர். வாவிக்கு மேலால வைஃபை எடுக்க ஏலுமா?

ஏலும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இது உண்மையில் உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு ரவுட்டர் இதற்குச் சரிவராது. ஒரே திசையில் அனுப்பும் வெளிப்புற அன்ரனா இரண்டு வேண்டும், கரைக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரிப் போகாது, நடுவில் பருத்த வெள்ளரிப்பழம் மாதிரித்தான் போகும். 5.8 கிகாஹேர்ட்ஸில் இரண்டு கிலோமீற்றருக்கு அதன் நடுப்பகுதி ஆரை ஏறத்தாழ 5 மீற்றர். அதில் குறைந்தது 60 வீதம், அதாவது நேர்கோட்டைச் சுற்றி 3 மீற்றர், தடையில்லாமல் இருக்கவேண்டும். கரையோரக் கண்டல் மரங்களையும் தென்னைகளையும் பார்த்துத்தான் அன்ரனா கட்டும் பைப்பின் உயரத்தை முடிவெடுக்கவேண்டும்.

அடுத்த வில்லங்கம் தண்ணீர். நேராக வரும் அலையோடு வாவியில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேரும். ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒன்றாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மாரியில் நீர் ஏறும்போதும், முகத்துவாரம் வெட்டி நீர் இறங்கும்போதும் தெறிக்கும் தூரம் மாறும். அதனால் ஆடியில் நன்றாக ஓடிய இணைப்பு மார்கழியில் விழலாம். ஒரு கரையில் அன்ரனாவை உயர்த்தி, மறுகரையில் தாழ்த்திக் கட்டுங்கள். தெறிக்கும் இடம் தாழ்ந்த பக்கக் கரைக்கு நகரும், அங்குள்ள நிலமும் பற்றையும் அந்த அலையை மறித்துவிடும்.

வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ள கருவிதானா என்று பாருங்கள். இணைப்பை இன்னொரு வீட்டோடு பகிர கம்பனி விடுமா என்பதையும் மச்சானைக் கேட்கச் சொல்லுங்கள்.

வாகரை: இடி மின்னலுக்கு ஃபைபர் ரவுட்டரையும் கழட்டணுமா?

கழற்றுங்கள். கண்ணாடி இழையால் மின்சாரம் வராது, அடப்டர் வழியாக வரும்.

அக்கரைப்பற்று: வாப்பா கட்டாரில. வீட்டு கமராவை அங்கிருந்து பார்க்க ஏலாம இரிக்கு. ஐபி சரியாத்தான் குடுத்த.

நீங்கள் கொடுத்தது 192.168 என்று தொடங்கும் ஐபியாக இருக்கும் தங்கச்சி. அது உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. அவை போதாததால் பல வீடுகளைக் கம்பனி ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்களுக்கும் அதுதான், வெளியிலிருந்து ஐபி கொடுத்து நேரே கமராவுக்கு வர ஏலாது. கமராக் கம்பனியின் செயலியைப் பாவிப்பதே இலகு. கமராவோடு வந்த கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள், வீட்டுக்குள் பார்க்கும் கண் அது.

வாழைச்சேனை: கடல்ல போனில டவர் காட்டுது, கோல் போகுதில்ல. வயர்லெஸ் செட் மட்டும் எப்படிப் பேசுது?

டவர் பலமாகப் பேசுகிறது, அதனால் உங்கள் போனுக்குக் கேட்கிறது. போனின் பலம் 4ஜியில் அதிகம் போனால் 0.2 வாற். அதன் பதில் டவருக்குப் போய்ச் சேராது. சிக்னல் நல்லாக இருந்தாலும், பழைய 2ஜி வழமையாக 35 கிலோமீற்றருக்கு அப்பால் இயங்காது.

படகில் பூட்டும் விஎச்எஃப் (VHF) வயர்லெஸ் செட் 25 வாற் வரை அனுப்பும். ஆனால் அதன் தூரத்தைத் தீர்மானிப்பது அன்ரனாவின் உயரம். படகில் 3 மீற்றர், கரையில் 30 மீற்றர் என்றால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரண்டு படகுகளுக்கும் 3 மீற்றர்தான் என்றால் 14 அளவில்தான். அதற்கப்பால் பலநாள் படகுகளில் இருக்கும் எச்எஃப் (HF) என்ற நீண்டதூர வயர்லெஸ் செட் வேண்டும். அதன் அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும்.

எந்தச் செட்டுக்கும் உரிமம் எடுங்கள். 16ஆம் சனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் கூப்பிட்டுவிட்டு, பேச வேறு சனலுக்கு மாறுங்கள். மீன் விலையும் வீட்டுக் கதையும் அதில் ஓடினால், கவிழ்ந்த படகின் குரல் யாருக்கும் கேட்காது.