டிஜிட்டல் எஸ்.ஏ.டி.க்குப் பழைய புத்தகம் போதுமா?

மலேசியாவுல பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிச்சிட்டு, அமெரிக்கக் கல்லூரிகள்ல சேர எழுதுற எஸ்.ஏ.டி. தேர்வுக்கு அண்ணன் வெச்சிருந்த பழைய புத்தகத்தைப் படிச்சா போதுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. போதாது. நான் அதைத்தான் செஞ்சேன்.

2023 மார்ச்சில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தத் தேர்வு கணினிக்கு மாறிச்சு. அந்த வருஷமே நான் எழுதினேன். தேர்வு மையத்துக்குப் பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலை ஃபெரி. அப்பா லேப்டாப் சார்ஜரைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்தாரு, மழை.

கணக்குல ரெண்டு பகுதி. ஒவ்வொண்ணுக்கும் 35 நிமிஷம், 22 கேள்வி. முதல் பகுதியில ஒரு வட்டக் கணக்கைப் பிடிச்சுத் தொங்கி, மூணு கேள்வியைத் தொடாமலே விட்டேன். தப்பாப் போட்டா மார்க் போகும்னு டியூசன்ல சொல்லியிருந்தாங்க. அந்த விதியை 2016லேயே எடுத்தாச்சு! ரெண்டாவது பகுதி திறந்தா எல்லாம் சுலபம். திரும்பும்போது ஃபெரியில, "கணக்கு தூள்ப்பா"ன்னேன். வந்தது 800க்கு 560.

முதல் பகுதியை எப்படிச் செஞ்சோம்னு பார்த்துத்தான் கணினி அடுத்ததைச் சுலபமாவோ கடினமாவோ தருது. சுலபமானது வந்துட்டா உச்ச மார்க் கிடைக்காது. இது தெரியாமத்தான் நான் சந்தோஷப்பட்டேன்.

அப்பா ஓவர்டைம் பார்த்து மறுபடி பணம் கட்டினாரு. இந்தத் தடவை புத்தகத்தைத் தொடவே இல்ல. தேர்வையே எழுதுற புளூபுக் செயலியில இருக்கிற இலவச மாதிரித் தேர்வுகளை அதே லேப்டாப்பில, நேரம் வெச்சு எழுதினேன். உள்ளேயே இருக்கிற டெஸ்மோஸ் கால்குலேட்டர்ல வரைபடம் போட்டுப் பழகினேன். 720 வந்தது. உங்களுக்கும் இவ்வளவு ஏறும்னு சொல்ல வரல. கணக்கே தெரியாம செயலி காப்பாத்தும்னும் சொல்லல. இதுக்குச் சண்டைக்கு வராதீங்க.

இன்னொண்ணு. "தமிழ்ப்பள்ளி பிள்ளைக்கு இங்கிலீஷ் பகுதி ஏறாது"ன்னு அதே டியூசன்ல எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. முதல் தடவையே அந்தப் பகுதியில 640 எடுத்தேன். ஆறு வருஷம் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியைகளை அவங்களுக்குத் தெரியுமா? இன்னும் மனசு ஆறல.

சரி, உங்களுக்கு: ஒரே பகுதிக்குள்ள முன்னும் பின்னும் போகலாம், முடிஞ்ச பகுதிக்குத் திரும்ப முடியாது. அதனால முதல் பகுதியில சிக்கினதைக் குறி வெச்சுட்டு நகருங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க.