மாற்று உறுப்பும் அடக்கிவைக்கும் செல்களும்: கேள்வி பதில்

மருத்துவ மாணவி ஒருவர்: மாற்று உறுப்பை உடல் சகித்துக்கொள்வது என்றால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. 1953-இல் பில்லிங்காம், பிரென்ட், மெடாவர் ஆகியோர் கருவிலிருந்த எலிக்குட்டிகளுக்கு வேறொரு மரபுவழி எலியின் செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்த பின் அவற்றில் சில அந்த மரபுவழியின் தோலை ஏற்றுக்கொண்டன. அவற்றின் எதிர்ப்பாற்றல் செயலற்றுப் போகவில்லை, குறிப்பிட்ட அந்தத் திசுவை மட்டும் தாக்காமல் விட்டது. உடல் மாற்று உறுப்பைத் தாக்கி நிராகரிப்பதைத் தடுக்கத் தரப்படும் மாத்திரைகளோ தாக்கும் செல்களை வேறுபாடின்றி அடக்குவதால் கிருமிகளுக்கும் வழி திறந்துவிடுகின்றன.

அவரே: ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இதில் எங்கே வருகின்றன?

பதில்: டி செல்கள் நோய் எதிர்ப்பாற்றலுக்கான வெள்ளணுக்கள்; அவற்றுள் மற்றவை தாக்குவதை அடக்கிவைப்பவையே ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இரத்தத்தில் சிடி4 என்னும் புரதத்தை மேலே தாங்கிய டி செல்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு இவையே. 1995-இல் ஷிமோன் சகாகுச்சி, செல்லின் மேலுள்ள சிடி25 என்னும் ஏற்பியை அடையாளமாகக் கொண்டு இவற்றை இனங்கண்டார். இவற்றின் தன்மையை நிலைநிறுத்தும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டறிய, மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதுபட்டால் உடல் தன் உறுப்புகளையே தாக்கும் கடும் நோய் குழந்தைப் பருவத்திலேயே தோன்றுகிறது என்பதிலிருந்தே இவற்றின் முக்கியத்துவம் விளங்கும்.

இவை பல வழிகளில் வேலை செய்கின்றன. தாக்கும் செல்கள் பெருகுவதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்னும் புரதத்தை, சிடி25 மிகுதியாக இருப்பதால் இவை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன. அந்நியப் புரதத்தை எடுத்துக்காட்டும் செல்களின் மேலுள்ள தூண்டு மூலக்கூறுகளை தம் மேலுள்ள சிடிஎல்ஏ-4 என்னும் புரதத்தைக் கொண்டு பிடுங்கி உட்கொள்வதால், அங்கே வந்து சேரும் டி செல்லுக்கு முழுத் தூண்டுதல் கிடைப்பதில்லை. இன்டர்லூக்கின்-10 போன்றவற்றைச் சுரந்து அழற்சியைத் தணிக்கவும் செய்கின்றன. என் பார்வையில் இரண்டாவது வழியே மிக நுட்பமானது: எதிரியோடு மோதாமல் அவனுக்கு ஆணையிடுபவரின் வாயை அடைப்பது போன்றது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவர்: நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் என்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்து இந்த நல்ல செல்களையும் கெடுக்குமா?

பதில்: ஓரளவு பாதிக்கும். டாக்ரோலிமஸ் இன்டர்லூக்கின்-2 உற்பத்தியையே தடுப்பதால், அதைத் தாமாக உண்டாக்க இயலாத இச்செல்களுக்கு ஊட்டம் குறைகிறது. சிரோலிமஸ் என்னும் மற்றொரு நிராகரிப்புத் தடுப்பு மருந்து இவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதற்காக மருந்தை மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; நிராகரிப்பைத் தடுப்பதில் டாக்ரோலிமஸே வலிமை மிக்கது, சிரோலிமஸால் புண் ஆறுவதும் தாமதமாகும்.

ஆய்வக நுட்புநர் ஒருவர்: திசுப் பரிசோதனையில் ஃபாக்ஸ்பி3 செல்கள் மிகுதியாகத் தென்பட்டால் அது நல்ல அறிகுறிதானே?

பதில்: அப்படி முடிவு கட்ட முடியாது. சண்டை நடக்கும் இடத்துக்கு இவையும் விரைந்து வருவதால் நிராகரிப்பின் நடுவிலும் இவற்றைக் காணலாம். தூண்டப்பட்ட சாதாரண டி செல்களும் ஃபாக்ஸ்பி3-ஐச் சிறிது காலம் வெளிப்படுத்துவதுண்டு. எண்ணிக்கையைவிட, எந்தத் திசுவை அடையாளம் காண்கின்றன, தாக்கும் செல்களுக்கு எவ்வளவு விகிதத்தில் இருக்கின்றன என்பவையே முக்கியம்.

மற்றொருவர்: இவற்றை வெளியே வளர்த்துச் செலுத்திப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில் உயிருள்ள கொடையாளரிடமிருந்து கல்லீரல் பெற்ற 10 பேருக்கு, இச்செல்கள் செறிந்த தயாரிப்பைச் செலுத்தினார்கள். 2016-இல் வெளிவந்த அறிக்கையின்படி 7 பேர் மருந்துகளை முழுதும் நிறுத்தினர். மீதி மூவருக்கு மருந்தைக் குறைக்கும்போதே இலேசான நிராகரிப்பு தோன்றியது. மூவருமே தன்னுடல் தாக்கு நோயால் கல்லீரலை இழந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. கல்லீரல் இயல்பாகவே பொறுமையான உறுப்பு என்பதால், இந்த முடிவைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஒரு மகன்: அப்பாவுக்குக் கல்லீரல் மாற்றி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. நிராகரிப்பு தொடங்கும்போது உடலில் எந்தத் தொல்லையும் தெரியாமல் இருக்கலாம். மருந்தைக் குறைக்கும் முயற்சி, தகுதியானவர்களுக்கு மட்டும், அவர்களைக் கவனிக்கும் உறுப்பு மாற்று மருத்துவர் குழுவின் மேற்பார்வையில், அடிக்கடி இரத்தமும் தேவைப்பட்டால் திசுவும் பரிசோதித்து நடத்தப்பட வேண்டியது.