சிற்றூரில் பிறந்த ஒருவர் சினிமாவை நம்பாமல், சொந்தப் பாடல்களை வைத்தே தொழில்முறை இசைக்கலைஞராக முடியுமா? அதற்கு வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டுமா?

முடியும். நான் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்பதையே பெரிய முடிவாகக் கருதுவதாகத் தோன்றுகிறது. என் அனுபவத்தில் ஊர் இரண்டாவது விஷயம். கையில் இருக்கும் பாட்டு யார் பெயரில் இருக்கிறது, பத்து வருடம் கழித்தும் அது யார் பெயரில் இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இதைப் பற்றி எங்கள் துறையில் வெளிப்படையாகப் பேசுபவர்கள் குறைவு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

"சிற்றூர்" என்று நீங்கள் எழுதியிருக்கும் தொனியில் ஒரு கூச்சம் தெரிகிறது, அது தேவையற்றது. என் சொந்த ஊர் கோவில்பட்டி. பக்கத்தில் இருக்கும் எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தார். அவருடைய கிருதிகளைச் சுப்பராம தீட்சிதர் ஸ்வரக் குறிப்புகளோடு 1904-இல் அச்சேற்றியதும் அதே எட்டயபுரத்தில்தான். ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகளும் எங்கள் கரிசல் மண்ணைச் சேர்ந்தவரே. பள்ளிப் படிப்பு முடியும்வரை இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது வேறு வருத்தம்.

நான் முறையாக இசைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசைக்கு மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. உங்கள் வயதும் வசதியும் இடம் கொடுத்தால் அதில் சேருவது நல்லது. எனக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது ஒரு மெல்லிசைக் குழு. அதை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர்; நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். கோவில் கொடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் அவரோடு பாடினேன். என் குரல் எனக்கே கேட்காத மேடையில் சுருதி விலகாமல் பாடுவது, தொண்டை கட்டிய நாளில் பாட்டை ஒரு கட்டை இறக்கிக் கேட்டு வாங்கிப் பாடுவது, நிகழ்ச்சி முடியும்வரை குரலைச் சேமித்து வைப்பது ஆகியவை அங்கே படிந்த பழக்கங்கள். அண்ணாச்சி ஒரு காரியம் செய்வார். நான்கு ஹிட் பாடல்களுக்கு நடுவே, அறிவிப்பு எதுவும் இல்லாமல் என் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடவைத்துவிட்டு, கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போகிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் போகும். போகாத நாளில் யாராவது ஒருவர் மேடையருகே வந்து, "தம்பி, இது எந்தப் படத்துல வருது?" என்று கேட்பார். அன்று அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், "எந்தப் படத்துல பாடியிருக்கீக?" என்று என்னிடம் கேட்கிறார்கள். படம் எதுவும் இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்போ வேலைக்கு என்ன பண்ணுதீக?" என்பதுதான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைப்பதற்கில்லை.

சென்னையில் சாலிகிராமத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கினேன். பகலில் ட்ராக் பாடும் வேலை. இசையமைப்பாளர் போட்ட மெட்டைப் பெரிய பாடகர் கேட்டுப் பழகுவதற்காக நாம் பாடிக் கொடுப்போம். பிறகு நம் குரலை எடுத்துவிட்டு அவர் குரலை வைப்பார்கள். அதை இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை, சினிமாவைக் குறை கூறுவதும் என் நோக்கமன்று. சொல்லைத் தெளிவாக உச்சரிக்கவும், ஒலிவாங்கிக்கு எவ்வளவு தள்ளி நின்று பாட வேண்டும் என்பதையும் நான் கற்றது அங்கேதான். ஆனால் அந்தக் கூலி அன்றோடு முடிந்துவிடும். அறை வாடகையைக் கொடுத்தது, மாலையில் நான் இணையவழி எடுத்த பாட்டு வகுப்புகள்தான். என் சொந்தப் பாடல்களை இரவில், போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸையும் கண்டென்சர் மைக்கையும் வைத்துப் பதிவு செய்தேன். குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் மிக்சிங்கை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்வித்தேன். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாடலை வெளியிடுவது இன்று கடினமே அன்று. ஒரு விநியோகத் தளத்தில் ஆண்டுக் கட்டணமோ வருமானத்தில் பங்கோ கொடுத்தால், அவர்கள் உங்கள் ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்து அடையாளக் குறியீட்டைத் தந்து எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். கடினம் அதற்குப் பிறகுதான். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பணம் தருவதில்லை. ஆகவே முதல் சில பாடல்களை வருமானமாகக் கணக்கிடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் பாட்டு ஒன்று ஓரளவு பரவியபோது, ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. குளிர்சாதன அறை, காபி, "உங்க குரல்ல ஒரு மண்வாசனை இருக்கு சார்" என்ற உபசாரம் எல்லாம் நடந்தது. வீடியோ எடுத்து, விளம்பரம் செய்து, பெரிய அளவில் வெளியிடுவதாகச் சொன்னார்கள். கையில் கொடுப்பதாகச் சொன்ன தொகை, அன்றைய என் நிலைக்கு ஒரு வருட வாடகையைத் தாண்டும். ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கையெழுத்திடச் சொன்னார்கள். படித்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, ஊர்க்காரரான ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு மூன்றின் உரிமையும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும் அவர்களுக்கே என்று அதில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "காலம் முழுமைக்கும்னா எவ்வளவு தெரியுமா தம்பி? இந்த நாட்டுச் சட்டப்படி, மெட்டுக்கு நீங்க உயிரோட இருக்கிற காலமும் அதுக்கப்புறம் அறுபது வருஷமும்" என்றார்.

நான் கேட்டது சின்ன மாற்றம்தான்: உரிமையை முற்றாக விற்காமல், ஐந்தாண்டுக்கு ஒலிப்பதிவை மட்டும் உரிமத்தின் பேரில் கொடுக்கிறேன் என்றேன். அழைத்தவர் அதன்பின் என் அழைப்பை எடுக்கவே இல்லை. என்னோடு தங்கியிருந்த நண்பர், வந்த வாய்ப்பை உதைத்துவிட்டதாகச் சொல்லிப் பல நாள் பேசாமல் இருந்தார். மறுத்ததால் அந்தப் பாட்டு பெரிய வெற்றி பெற்றுவிட்டது என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அதைவிட அடக்கமான வேறொரு பாட்டை ஓர் இணையத் தொடருக்கு உரிமத் தொகை பெற்றுக் கொடுத்தேன். அந்தப் பாட்டும் என் பெயரில் இருந்ததால்தான், யாரிடமும் அனுமதி கேட்காமல் என்னால் கொடுக்க முடிந்தது.

சட்டம் கலைஞனுக்கு எதிரானது என்று எண்ண வேண்டாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மெட்டமைத்தவரும் வரி எழுதியவரும் பாட்டு பயன்படுத்தப்படும்போது தமக்கு வர வேண்டிய சரிபங்கு ராயல்டியை, உரிமையை வாங்கும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று வைத்தார்கள். வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆனால் அந்த ராயல்டிப் பணம் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. இசையமைப்பாளராகவும் பாடலாசிரியராகவும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் பதிப்புரிமைச் சங்கத்திலும், பாடகராக, முன்பு இஸ்ரா என்று அழைக்கப்பட்ட இசாம்ரா (ISAMRA) என்னும் பாடகர்–இசைக்கலைஞர் உரிமைச் சங்கத்திலும் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் பதிந்து வைக்க வேண்டும். உங்கள் பாடலுக்கு வரிகள் நண்பர் எழுதியவை என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யாதவர்கள் பின்னால் படும் பாட்டை நிறையவே பார்த்திருக்கிறேன்.

எங்கள் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாடல்களே இதற்கு உதாரணம். அவர் 1921-இல் மறைந்த பிறகு, அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி ஒரு திரைப்பட அதிபரிடம் இருந்தது. அரசு 1949-இல் அதைப் பெற்றுக்கொண்ட பிறகே நிலைமை மாறியது. எனக்காக எந்த அரசும் அப்படி முன்வரப் போவதில்லை.

"நீ தனிக்கட்டை, வீட்டில் பணம் எதிர்பார்க்கவில்லை, அதனால் மறுத்தாய்" என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி உண்மையன்று. தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்த காலம் அது. அதற்காக, அவசரத்தில் கையெழுத்திட்டவர்களை நான் குறைத்துப் பேசவும் மாட்டேன். மருத்துவச் செலவுக்காக விற்றவர்களை அறிவேன்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். இப்போதே விடாதீர்கள். ஊரிலிருந்தே பாடல்களை வெளியிடுங்கள், வார இறுதி மேடைகளை விடாதீர்கள், வகுப்புகளைத் தொடங்குங்கள். வகுப்பும் மேடையும் சேர்ந்து, சென்னை அறை வாடகையையும் சாப்பாட்டையும் தாண்டும் மாதங்கள் தொடர்ந்து வரத் தொடங்கினால் அப்போது கிளம்பலாம். சென்னையில் கிடைப்பது வாத்தியக்காரர்களும் ஒலிப்பதிவாளர்களும் கூட வாசிக்கும் தோழமையும்தான். அவற்றுக்காகப் போவது நியாயம், "யாராவது கண்டுபிடிப்பார்கள்" என்ற நம்பிக்கையில் போக வேண்டாம். போன பிறகு ராயல்டியும் தொழில்முறைக் கட்டணமும் வரும்போது பல நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டே கொடுக்கும். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்கைத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் அதைச் செய்வதே இல்லை.