வாசகர் கேள்வி: கஞ்சாப் பூவின் அடர்த்தி

கேள்வி: சித்த மருத்துவப் பாடத்தில் கஞ்சாவும் வருகிறது. வெளிநாட்டு இனவிருத்தியாளர்கள் அடர்ந்த பூவையே உயர்ந்த குணமாகப் போற்றுவது ஏன்? அதில் மருந்துச் சத்து அதிகமா? கல்லூரி மூலிகைத் தோட்டத்தில் வளர்த்துப் பார்க்கலாமா?
– மாணவி, கோணேசபுரி, திருகோணமலை.

பதில்: பெண் செடியின் பூந்துணரில் கணுவிடைகள் குறுகி, பூவடியிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கும்போது பூ கட்டியாகிறது. இக்குணத்தைப் பல பரம்பரை அலகுகள் சேர்ந்து தீர்மானிப்பதால், அடர்ந்த இனத்தையும் தளர்ந்த இனத்தையும் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் பலதரப்பட்ட செடிகள் தோன்றும். ஆண் செடியில் இக்குணம் வெளிப்படுவதில்லை. பால் கறக்காத காளையின் தரத்தை அதன் பெண் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலைக் கொண்டு அறிவதுபோல, ஆண் செடியின் மகள் செடிகள் பூக்கும்வரை இனவிருத்தியாளர் காத்திருக்க வேண்டும். நல்ல பரம்பரை வாய்த்தாலும், ஒளி குறைந்தாலோ கடும் வெப்பம் நிலவினாலோ பூ தளர்ந்துவிடும். நமது வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடர்த்தியை எதிர்பார்ப்பது வீண்.

எனினும், தளர்ச்சியைக் குறையென்று கொள்வதை நான் ஏற்கவில்லை. இந்துகுஷ் மலைப்பகுதியின் வறண்ட காலநிலையில் உருவான இனங்கள் கட்டியான பூவைத் தாங்கின; பூமத்திய ரேகையை அண்டிய ஈரநாடுகளின் இனங்களோ நீண்ட காலம் பூத்து, காற்றுப் புகும் தளர்ந்த பூந்துணர்களைக் கொண்டன. ஒக்டோபர் தொடங்கி சனவரி வரை மழை மிகுதியாகப் பெய்யும் நமது கடற்கரையில், அடர்ந்த பூவுக்குள் புகுந்த ஈரம் எளிதில் உலராது. அத்தகைய பூவைச் சாம்பற்பூஞ்சணம் உள்ளிருந்தே அழுகச் செய்யும். வெளித்தோற்றம் கெடுவதற்குள் உட்புறம் பாழாகியிருக்கும்.

மருந்துச் சத்தைப் பொறுத்தவரை, அது பூவடியிலையின் மேற்பரப்பிலுள்ள சுரப்பி மயிர்களில் உருவாகிறது. அவற்றின் எண்ணிக்கை, பருமன், நொதியங்களின் தன்மை என்பவையே முதன்மையானவை. கையில் கனக்கும் கட்டித்தன்மை அவற்றுக்குச் சான்றாகாது. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி உலர்நிறையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத டிஎச்சி எனும் போதைச் சத்துக் கொண்ட, சணல் எனப்படும் கஞ்சா வகைகளிலும் மிக அடர்ந்த பூக்கள் உள்ளன. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

தோட்டத்தில் வளர்க்கக் கூடாது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் உரிய அனுமதியின்றிப் பயிரிடுவது குற்றமாகும். சுரப்பி மயிரைக் காண விரும்பினால் துளசி இலையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பாருங்கள். அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெயும் அத்தகைய மயிர்களிலேயே சேர்கிறது.