கோல்ஃப் திடலின் ‘கேடி’

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். என் தாத்தா புக்கிட் தீமா பக்கம் ஒரு கோல்ஃப் திடலில், ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக வேலை பார்த்தவர். வீட்டில் அதைச் சொன்னாலே, சினிமாவில் வரும் கேடியை நினைத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் நண்பரோ, சுமக்கும் பையின் எடையைக் குறித்த மலாய்க் ‘காத்தி’யே இப்படி மருவியது என்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. சினிமாக் கேடி, பிரிட்டிஷ் இந்தியக் காவல்துறை பழங்குற்றவாளிகளைக் குறிக்க எழுதிய ‘கே.டி.’ என்ற ஆங்கில முதலெழுத்துகள் பேச்சில் ஒரே சொல்லாகிப் போனது. நண்பர் சொல்லும் காத்தி, ஆங்கிலேயர் தேயிலை போட்டு வைக்கும் ‘டீ கேடி’ என்ற பெட்டிக்குப் பொருந்தும். ஏறத்தாழ 600 கிராம் கொண்ட அந்த எடையே பெட்டிக்கும் பெயராயிற்று.

தாத்தாவின் வேலைப்பெயர் ஸ்காட்லாந்து வழியாக வந்தது. பிரெஞ்சு மொழியில் ‘கதே’ என்றால் இளைய மகன். சொத்து மூத்தவனுக்கே என்றிருந்த பிரபுக் குடும்பங்களில் இளையவர்கள் படையில் சேர்ந்து தொழில் பழகினார்கள். தேசிய சேவையில் அதிகாரிப் பயிற்சி பெறும் நம் பையன்களை ‘கேடட்’ என்கிறோமே, அது இதே சொல்தான். ஸ்காட்லாந்தில் அது ‘கேடி’ எனத் தேய்ந்து, 18ஆம் நூற்றாண்டு எடின்பரோவின் தெருக்களில் கூலிக்குக் காத்திருந்து, கடிதம் கொண்டுபோவது, தண்ணீர் சுமப்பது, ஊருக்குப் புதியவருக்கு வழிகாட்டுவது என எல்லா எடுபிடி வேலைகளையும் செய்தவர்களின் பெயராயிற்று. (பண்பற்றவனை ஆங்கிலத்தில் ‘கேட்’ என்று ஏசுவதும் இதன் குறுக்கமே, ஆக, பிள்ளைகளின் சிரிப்புக்கு ஒரு தூரத்துச் சாக்கு உண்டு.) கோல்ஃப் மட்டை சுமந்தவர்களுக்கு அப்பெயர் அங்கிருந்தே நிலைத்தது. ஸ்காட்லாந்து அரசி மேரி 1561-இல் பிரான்சிலிருந்து திரும்பியபோது மட்டை சுமக்கக் ‘கதே’க்களை அழைத்து வந்தார் என்றொரு கதை உலவுகிறது, சான்று ஏதுமில்லாததால் நான் அதை ஏற்பதில்லை.

சிங்கப்பூரில் 1891-இல் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் கோல்ஃப் கிளப் தொடங்கியது. 1924-இல் அது புக்கிட் தீமா பக்கம் சென்றது. வேலையைச் சுமை தூக்குவதாக மட்டும் எண்ண வேண்டாம். ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர் ஆலோசனை கேட்க விதி அனுமதிப்பது, ஜோடி ஆட்டக்காரரைத் தவிர்த்தால், தம் கேடியிடம் மட்டுமே. கேடி விதியை மீறினாலோ தண்டம் ஆட்டக்காரருக்கு. தாத்தா பையை மட்டும் சுமந்தாரா, எந்த மட்டையை எடுக்கலாம் என்றும் சொன்னாரா என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதுங்கள்.