பெஞ்சு நிறைந்திருக்கிறது, அப்புறம் என்ன குறை?

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு ஆள் குறையவில்லை, காணிக்கையும் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் வாலிபர்கள் மாற்றம் வேண்டும் என்று முணுமுணுக்கிறார்கள். மூப்பர்களோ, நன்றாகத்தானே போகிறது என்கிறார்கள். செயலாளரான நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். மாற்றம் உண்மையிலேயே தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தலையை எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் சர்தை சபைக்கு, உயிரோடிருக்கிறது என்ற நல்ல பெயர் இருந்தது. பெயர்தான் அப்படி, நீ செத்திருக்கிறாய் என்று கண்டிப்பு வந்ததே அந்தப் பெயரைக் குறித்துத்தான்.

நீங்கள் செயலாளர், பதிவேடு உங்கள் கையில். கடந்த ஐந்து வருடங்களில் சேர்ந்தவர்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சபைக் குடும்பங்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வேறு சபையிலிருந்து மாறி வந்தவர்கள், இதற்கு முன் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால், எண்ணிக்கை கூடியிருந்தாலும் அதை நான் வளர்ச்சி என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, வேலைகளின் பட்டியல். வேதபாடம் வாசிப்பவர், காணிக்கை எண்ணுபவர், ஞாயிறு பள்ளி நடத்துபவர், மைக் அறைச் சாவி வைத்திருப்பவர் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரை எழுதிப் பாருங்கள். பத்து வேலைக்கும் அதே நாலு பெயர் திரும்பத் திரும்ப வந்தால், மற்றவர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவர்களை யாரும் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். அந்த நாலு பேரில் ஒருவர் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

இனி முணுமுணுப்புக்கு வருவோம். நான் அதிகம் நம்புவது இதைத்தான். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் பெருகிய நாட்களில்தான் புகார் வந்தது: கிரேக்க மொழிக்காரர்களின் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போகிறார்கள் என்று. சபை பெரிதாகிவிட்டது, ஏற்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை அதட்டவில்லை, பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, பொறுப்பும் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பெயர்களுக்கு இரண்டு வசனம் தள்ளியே சபை மேலும் பெருகியது சொல்லப்படுகிறது. உங்கள் வாலிபர்களின் பேச்சிலும் விடுபட்டுப்போன யாரோ ஒருவர் இருக்கலாம். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள், கிட்டார் என்பார்கள். கிட்டார் வாங்கியதோடு மாற்றம் முடிந்தது என்று நினைத்த சபைகள் நிறைய! யார் வருவதை நிறுத்திவிட்டார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்.

ஒரு ஞாயிறு, ஆசீர்வாதம் கூறி முடித்ததும் வாசல் பக்கம் போய்ச் சும்மா நில்லுங்கள். முதல் தடவை வந்தவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படி இறங்கும்வரை யாராவது பேரைக் கேட்கிறார்களா? பழையவர்கள் வட்டம் வட்டமாக நின்று பேசிச் சிரிப்பதே, சபை அன்பாக இருக்கிறது என்று அவர்களை நினைக்க வைக்கும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர் பார்ப்பது முதுகுகளைத்தான்.

கணக்கில் ஒரே ஒரு வரி போதும்: கட்டடம், சம்பளம், விழாச் செலவு போக வெளியே இருப்பவர்களுக்கு என்று என்ன போயிருக்கிறது?

பெஞ்சு நிறைந்திருப்பதும் ஒரு அறிகுறிதான். இருக்கைகளில் சுமார் 80 சதவீதம் நிரம்பினாலே புதிதாக வருகிறவருக்கு இடமில்லாததுபோல் தோன்றும் என்பது போதகர்கள் கைவசம் வைத்திருக்கும் ஒரு கணக்கு. அதற்காக உடனே சுவரை இடிக்கக் கிளம்ப வேண்டாம், இரண்டாவது ஆராதனை ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

போதகர் இப்போதுதான் மாறி வந்திருந்தாலோ, சபைத் தேர்தல் சண்டை இன்னும் ஆறாமல் இருந்தாலோ பெரிய மாற்றம் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் ஒரு கட்சியின் வெற்றியாகத்தான் பார்க்கப்படும்.

மூப்பர்களிடம் "மாற்றம்" என்ற சொல்லையே எடுக்காமல், மூன்று பத்திப் பதிவேட்டையும் வேலைப் பட்டியலையும் அடுத்த கமிட்டியில் மேசைமேல் வையுங்கள். மூன்றாவது பத்தியில் பெயர்கள் இருந்து, வேலைகளும் பலர் கையில் இருந்தால் மூப்பர்கள் சொல்வதுதான் சரி. அதை வாலிபர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடலாம்.