40%-இலிருந்து 6%-ஐக் கழித்தால் உண்மை லாபம் வராது

விலைவாசி உயர்வு போக உங்களுக்குக் கிடைத்த உண்மை லாபம், நீங்கள் கணக்கிட்டதுபோல் 34% இல்லை, சுமார் 4.6% தான். அதுவும் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து.

100 போட்டு 140 எடுத்திருக்கிறீர்கள், அந்த 40%-இலிருந்து 6% பணவீக்கத்தைக் கழித்துவிட்டீர்கள். 40 ஐந்து ஆண்டுக் கணக்கு, 6 ஓராண்டுக் கணக்கு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நானும் ஒரு காலத்தில் இப்படிக் கழித்து மகிழ்ந்தவன்தான்.

ஆண்டுக்கு 6% என்றே வைத்துக்கொண்டால், 100-க்கு வாங்கிய பொருள் ஐந்தாம் ஆண்டு முடிவில் 133.8. உங்கள் கையில் 140. 140-ஐ 133.8-ஆல் வகுத்தால் 1.046, அதாவது ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 4.6%. ஆண்டுக்கு 0.9% தேறுகிறது, அவ்வளவுதான்.

சரிபார்க்க, செய்தியில் வரும் சதவீதத்தை விட்டுவிடுங்கள். அது போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்ட எண். விலைவாசி மட்டத்தையே ஒரு எண்ணாகக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை எடுங்கள்: பணம் போட்ட மாதத்துக்கு ஒன்று, எடுத்த மாதத்துக்கு ஒன்று. பின்னதை முன்னதால் வகுங்கள். நடுவில் அடிப்படை ஆண்டு (குறியீட்டெண்ணை 100 என வைத்துத் தொடங்கும் ஆண்டு) மாறியிருந்தால், பழைய வரிசையையும் புதிய வரிசையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் இணைப்புக் காரணியால் முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் விடை தாறுமாறாக வரும்.

அப்புறம், குறியீட்டெண் காட்டுவது சராசரிக் குடும்பத்தின் கூடையை, அதாவது அது வழக்கமாகச் செலவழிப்பவற்றின் தொகுப்பை. உணவு, வாடகை, போக்குவரத்து என ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. உங்கள் செலவில் பாதி படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போகிறது என்றால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் வேறு. வரியை நான் இன்னும் கழிக்கவே இல்லை. அதைக் கழித்தால் இந்த 0.9%-உம் மைனஸில் போய் நிற்கலாம்.